பாட்டியின் பிஸ்கட் டின்



என் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு திங்கட்கிழமை தாமதமாக வந்தாள். காரணம் கேட்டேன். "பாட்டிக்குக் கை காலெல்லாம் நடுங்கி வேர்த்துப் போச்சி சார். அம்மா சீனித் தண்ணி கரைச்சிக் குடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க" என்றாள். சற்று நேரம் கழித்து, "மாத்திரைய நான்தான் சார் எடுத்துக் குடுத்தேன்" என்று அழுதுவிட்டாள்.

பாட்டி வீடு திரும்பியதும் லயத்துக்குப் போய் வந்தேன். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு எல்லாவற்றுக்குமான மாத்திரைகளும் ஒரே பிஸ்கட் டின்னில் கிடந்தன. கிளினிக்கில் கொடுத்தது ஓர் அட்டை. மகன் பட்டணத்தில் வாங்கி வந்தது இன்னோர் அட்டை. நிறம் வேறு, பெரிய எழுத்தில் பெயரும் வேறு. சின்ன எழுத்தைப் படித்தால் இரண்டிலும் கிளிக்லசைடு! ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்கியதால் இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது.

மருந்தைப் பிரித்து அடுக்க இப்போது இயந்திரமே உண்டு. அதனுள் வரிசையாகப் பல டப்பாக்கள். டப்பாவுக்கு ஒரு மருந்து. மருந்துச் சீட்டின் விவரத்தைக் கணினியில் பதிந்தால், ஒரு வேளைக்குரிய மாத்திரைகள் மட்டும் ஒரு சிறு பையில் விழும். நோயாளியின் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றை அச்சிட்டு ஒட்டிவிடும். பைகள் பஸ் டிக்கெட் சுருள்போலத் தொடர்ந்து வரும்; வேளைக்கு ஒன்றாகக் கிழித்துக் கொள்ளலாம். சுவீடனில் இப்படி வேளைவாரியாகப் பையிலிட்டுக் கொடுக்கும் முறை 1980களிலேயே வந்துவிட்டது. பல நாடுகளில் முதியோர் இல்லங்கள் இதை நம்பி நடக்கின்றன.

ஆனால் இயந்திரம் சொன்னதைத்தான் செய்யும். மகன் வெளியில் வாங்கிய அட்டையைப் பற்றி அதற்குத் தெரியாது. டாக்டர் அளவை மாற்றினால், முன்பே கட்டிய பைகள் தவறாகிவிடும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை அதன் சொந்தப் புட்டியில்தான் இருக்க வேண்டும். பையில் வருவதால் பழைய மருந்தே மறுபார்வையின்றித் தொடரும் போக்கையும் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே, இயந்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் வேலை நம்முடையதே. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது டின்னை அப்படியே கொண்டு போங்கள். நாட்டு மருந்து இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுப்பவரிடம், "இதில் ஒரே மருந்து இரண்டு இருக்கிறதா? நிறுத்தியது எது?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றதை அங்கேயே ஒப்படைத்துவிடுங்கள். பிறகு ஏழு நாள் அறைகள் உள்ள பெட்டி ஒன்று வாங்கி, ஞாயிறுதோறும் பெரியவர் ஒருவர் நிரப்ப, இன்னொருவர் சரிபார்க்கட்டும். அட்டையிலிருந்து பிரிக்கக் கூடாத மாத்திரை எது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைநடுக்கமும் வேர்வையும் கண்டால், நினைவோடு இருப்பவருக்கு மட்டும் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். தெளிந்துவிட்டார் என்று விட்டுவிடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். சீனி மறுபடியும் இறங்கக்கூடும்.

பாட்டி இப்போது நலம். அந்தப் பிள்ளைக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை. மலாய் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் என்பதற்காகப் பதினொரு வயதுப் பிள்ளையிடம் ஓர் உயிரின் பொறுப்பை ஒப்படைக்கலாமா? பாட்டிக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கட்டும். மாத்திரையை நாம் எடுத்துக் கொடுப்போம்.