ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் போதுமா?

போடிமெட்டு வழியே விடியலில் மலையேறும் ஜீப்புகளில் தேனி மாவட்டத் தொழிலாளர்கள் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்கிறார்கள். அவர்கள் பறிக்கும் காய் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலம் போய் உலகச் சந்தையை அடைகிறது. அது அங்கே ஏற்கப்படுமா என்பதை நிறமும் பருமனும் மட்டும் முடிவு செய்வதில்லை. ஆய்வகம் தரும் ஓர் எண்ணும் முடிவு செய்கிறது. தனி வரம்பு வகுக்கப்படாத பூச்சிக்கொல்லிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது, 100 கிலோ ஏலக்காயில் 1 மில்லிகிராம்.

2023 ஜனவரியில், சபரிமலை அரவணையில் சேர்த்த ஏலக்காயில் எச்சம் வரம்பை மீறியதாக ஆய்வறிக்கை வந்ததும் கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்கின் நியாயங்களுக்குள் நான் போகவில்லை. ஆய்வக எண் ஒன்றின் மேல் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்பதே இங்கு என் கவலை. அந்த எண்ணைத் தரும் முறைகளை நாம் எப்படி உருவாக்குகிறோம்?

பெரும்பாலும் ஒரு காரணியை மாற்றி, மற்றவற்றை நிலையாக வைத்து. என் முதலாண்டு ஆய்வையும் அப்படித்தான் செய்தேன். அதில் உள்ள பிழையை ஏலக்காயே காட்டிவிடும். அதன் சாற்றில் வாசனை எண்ணெயும் பச்சையமும் மிகுதி. பச்சையத்தை நீக்கக் கார்பன் தூள் சேர்க்கிறோம். ஆனால் தயாபெண்டசோல் போன்ற தட்டையான மூலக்கூறுகளையும் கார்பன் பிடித்துக்கொள்ளும். அவற்றை விடுவிக்க அசிட்டோநைட்ரைலுடன் டொலுயீன் சேர்க்க வேண்டும்.

இதை ஒவ்வொன்றாகச் சோதித்தால் என்ன நடக்கும்? டொலுயீன் இல்லாமல் கார்பனைக் கூட்டினால் மீட்பு விழுக்காடு குறையும். ஆகவே கார்பனைக் குறைத்துவிடுவோம். குறைந்த கார்பனில் டொலுயீன் சேர்த்தால் பெரிய மாற்றம் தெரியாது, அதையும் கைவிடுவோம். பச்சை நிறம் நீங்காத சாறு கருவிக்குள் போகும். கார்பனும் டொலுயீனும் சேர்ந்து உயர்ந்திருக்கும் நிலையை நாம் சோதிக்கவே இல்லை. இரண்டையும் இரு அளவுகளில் வைத்து நான்கே சோதனைகள் செய்திருந்தால் அந்த இடைவினை வெளிப்பட்டிருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. ஃபிஷர் தம் நூலை 1935இல் வெளியிட்டார். 12 சோதனைகளில் 11 காரணிகளைச் சலித்தெடுக்கும் பிளாக்கெட்–பர்மன் வடிவமைப்பு 1946இல் வந்தது. செங்குத்து அணிகள் பற்றிய சி. ஆர். ராவின் ஆய்வும் அதே பத்தாண்டில் கொல்கத்தாவில் பிறந்ததே. ஆனாலும் கருவியை இயக்கக் கற்பிக்கும் வேதியியல் துறைகள் பல, சோதனையை வடிவமைக்கக் கற்பிப்பதில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு நோய் பரவுகிறது. மென்பொருளைத் திறந்து, மூன்று காரணிகளைத் தோன்றியபடி தேர்ந்து, 15 சோதனைகள் கொண்ட பாக்ஸ்–பென்கன் வடிவமைப்பை நிரப்பி, வண்ணப் பரப்பு வரைபடத்தை ஆய்வேட்டில் ஒட்டிவிடுவது. ஏன் அந்த மூன்று காரணிகள்? சோதனை வரிசையைக் கலைத்துப் போட்டார்களா? மாதிரி முன்னுரைத்த உச்சப் புள்ளியை மீண்டும் செய்து பார்த்தார்களா? இவற்றுக்கு விடையில்லாத இடத்தில் புள்ளியியல் வெறும் ஒப்பனை.

கருவி நேரமும் கரைப்பானும் போதவில்லை என்பார்கள். அதனால்தான் வடிவமைப்பு வேண்டும் என்கிறேன். எட்டுச் சோதனைகள் கொண்ட முழுக்காரணி வடிவமைப்பில் ஒவ்வொரு விளைவையும் மதிப்பிட எட்டு அளவீடுகளுமே பயன்படுகின்றன. ஏழை ஆய்வகத்துக்கு இதைவிடச் சிக்கனம் வேறில்லை.

ஆய்வேடு மதிப்பிடும் பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: வாய்மொழித் தேர்வில் "உகந்த நிலை எது?" என்பதோடு நிறுத்தாதீர்கள், "எந்தெந்தக் காரணிகள் ஒன்றையொன்று பாதிக்கின்றன, அதை எப்படி அறிந்தீர்கள்?" என்றும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி வரும் என்று தெரிந்தால், மாணவர் ஆய்வகத்துக்குள் நுழையும் முன்பே தாளும் பென்சிலும் எடுப்பார்.