ஒரே காய்ச்சல், இரண்டு சம்பளம்

சியரா லியோனின் ஆப்பிரிக்கானஸ் ஹார்ட்டன் 1859-இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்று பிரிட்டிஷ் ராணுவ மருத்துவரானார். அதே மண்ணில் பிறந்த ஜான் ஃபாரல் ஈஸ்மன் 1893-இல் கோல்டு கோஸ்ட்டின் (இன்றைய கானா) தலைமை மருத்துவ அதிகாரி. ஆப்பிரிக்கர்களின் திறமை இப்படி நிரூபணமான பிறகுதான், 1902-இல், மேற்கு ஆப்பிரிக்க மருத்துவப் பணி என்ற அமைப்பை உண்டாக்கி, ஐரோப்பியப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் மட்டுமே அதில் சேரலாம் என்று லண்டன் விதி செய்தது. ஆப்பிரிக்க மருத்துவருக்குத் தனிப் பட்டியல், குறைந்த சம்பளம், நேற்றுக் கப்பலிறங்கிய இளைஞருக்கும் கீழான இடம். இத்தனைக்கும் அவர் படித்ததும் பிரிட்டனில்தான். பார்த்ததும் அதே காய்ச்சலைத்தான்.

கடல் கடந்து வருபவருக்குச் செலவு கூடும் என்பதை ஏற்கிறேன். ஊரில் குடும்பம், வந்த இடத்தில் தனிச் சமையல், நீண்ட பயணம். அதற்குத் தனியாகப் படி கொடுக்கலாமே! அடிப்படைச் சம்பளம் வேலைக்கு உரியது. அதில் தோலின் நிறத்துக்கு என்ன வேலை? மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் வாட்டிய அந்தக் கடற்கரையில் ஒவ்வொரு மருத்துவரும் தேவைப்பட்டார். ஆனால் தகுதி பெற்ற ஆப்பிரிக்கர் பலர் அரசுப் பணியை விட்டு விலகி, லாகோஸிலும் ஃப்ரீடவுனிலும் சொந்தமாக மருத்துவம் பார்க்கப் போனார்கள்.