அடிக்கசடு

பாய்மரப் படகில் கடல் சுற்றுகிறவர்கள் எழுதியதைப் படிக்கும்போது ஒரு வேடிக்கை தென்படும்: புயலைப் பற்றி நாலு வரி, டீசல் டேங்க்கைப் பற்றி நாலு பக்கம். காற்றில் ஓடும் படகுக்கு டீசல் எதற்கு என்று கேட்காதீர்கள். துறைமுகத்துக்குள் நுழையவும், காற்று விழுந்த நாளிலும் இன்ஜின்தான் கதி. அதை எப்போதாவதுதான் ஓட்டுகிறார்கள் என்பதே வினை. பாதி காலியான டேங்க்கில் ஈரக்காற்று வியர்த்து, தண்ணீர் டீசலுக்கு அடியில் போய்த் தங்குகிறது. எண்ணெயும் நீரும் சந்திக்கும் அந்த மெல்லிய கோட்டில் பூஞ்சை ஒன்று குடியேறும். அமோர்ஃபோதீகா ரெசினே என்று பெயர். விமான எரிபொருள் தொட்டிகளையும் விட்டுவைக்காத ஆசாமி. டீசலையே தின்று கறுப்புக் கூழாகப் பெருகும். கரையில் கட்டியிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அலை எழும்பிப் படகு குலுங்கும்போதுதான் கசடு கலங்கி ஃபில்டரை அடைக்கும். இன்ஜின் இல்லாமல் முடியாது என்கிற நேரமாகப் பார்த்து அது நின்றுபோகும்! மருந்து ஊற்றினால் பூஞ்சை சாகும்தான். பிணம் உள்ளேயே கிடக்குமே? டீசலை உறிஞ்சி எடுத்துவிட்டுத் துடைக்கத்தான் வேண்டும். பல படகுகளில் டேங்க்கை முதலில் வைத்து, தளத்தைப் பிறகு மூடியிருப்பார்கள். கை நுழைய வழியிருக்காது. நம் மொட்டைமாடித் தொட்டிக்காவது ஒரு மூடி உண்டு. இவர்கள் டேங்க்கின் தலையிலேயே ஓட்டை வெட்டி, தோள்வரை கையை விட்டு, தடுப்புத் தகடுகளுக்குப் பின்னால் தடவித் தடவி வழிக்கிறார்கள். அப்புறம் பல நாளைக்குப் படுக்கையிலும் டீசல் வாடை, சாப்பாட்டிலும் டீசல் வாடை.