டிராக்டருக்கு வரிச்சலுகை டீசல்: மனு கொடுக்கும் முன் ஒரு கணக்கு

குறைதீர்க்கும் நாள் கூட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: "மீன்பிடிப் படகுக்கு வரியில்லாத டீசல் உண்டு. எங்கள் டிராக்டருக்கு ஏன் இல்லை?"

நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் பதிவு பெற்ற விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் வரை மாநில விற்பனை வரி இல்லாத டீசல் கிடைத்து வந்தது. 2023-ல் அதை 19,000 லிட்டராக உயர்த்துவதாக அறிவித்தார்கள். நம் உழவு டீசலுக்கு அப்படி எதுவும் கிடையாது. பங்கில் லாரிக்கு என்ன விலையோ அதே விலைதான் உங்களுக்கும்.

டிராக்டருக்கும் படகுக்கும் சேர்த்தே சலுகை தரும் நாடு பிரிட்டன். அங்கே அதற்குச் 'சிவப்பு டீசல்' என்று பெயர். எரிபொருள் ஒன்றுதான், அதில் சிவப்புச் சாயம் கலந்து விற்கிறார்கள். நம் ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்த அதே யோசனைதான். 2022 மார்ச்சில் அங்கே வைத்த தீர்வை, சாதாரண டீசலுக்கு லிட்டருக்கு 52.95 பென்ஸ், சிவப்பு டீசலுக்கு 10.18 பென்ஸ். நம் பணத்தில் லிட்டருக்கு 40 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

வித்தியாசம் இவ்வளவு இருந்தால் திருட்டும் வரும். அதனால் விதிகளும் கடுமை. உழவுக்குச் சிவப்பு டீசல் போடலாம். விளைச்சலை ஏற்றிக்கொண்டு சாலையில் போனாலும் தப்பில்லை. அதே டிராக்டர் கட்டட வேலைக்கு மண் அடிக்கப் போனால் சாதாரண டீசல்தான் போட வேண்டும். அதற்கு முன் டேங்க், குழாய் எல்லாவற்றிலும் சிவப்பின் தடம் இல்லாமல் கழுவி எடுக்க வேண்டும். காருக்கும் லாரிக்கும் அறவே கூடாது. அதிகாரிகள் சாலையில் வண்டியை நிறுத்தி டேங்கிலிருந்து மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். சாயத்தை மட்டும் வடித்து நீக்கிவிட்டால் தப்பிக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத அடையாளப் பொருள் ஒன்றும் அதில் கலந்திருக்கிறது. பிடிபட்டால் அபராதம், கட்டாமல் விட்ட வரி, வண்டி பறிமுதல்.

2022 ஏப்ரல் 1 முதல் இன்னும் இறுக்கினார்கள். கட்டுமானத் துறை உள்ளிட்ட பல தொழில்களுக்குச் சலுகை போயிற்று. விவசாயம், தோட்டக்கலை, வனம், மீன் வளர்ப்பு ஆகியவற்றுக்கு நீடிக்கிறது. கோல்ஃப் மைதானப் பராமரிப்புக்கும் நீடிக்கிறது என்பது வேறு கதை!

படகிலும் இதே பாகுபாடு உண்டு. தொழில்முறை மீன்பிடிப் படகுக்குச் சலுகை தொடர்கிறது. உல்லாசப் படகுக்காரர் இங்கிலாந்தில் சிவப்பு டீசல் வாங்கலாம், ஆனால் படகை ஓட்டச் செலவாகும் பங்குக்கு முழுத் தீர்வை கட்ட வேண்டும். படகுக்குள் வெப்பமூட்டவும் விளக்குக்கும் ஆகும் பங்குக்கு மட்டுமே சலுகை. ஓட்டத்துக்கு 60, மற்றதற்கு 40 சதவீதம் என்று எழுதிக் கொடுப்பது வழக்கம். வட அயர்லாந்தில் 2021 அக்டோபர் முதல் உல்லாசப் படகை ஓட்டச் சிவப்பு டீசலே கூடாது.

இதை இங்கே கொண்டுவந்தால் யாருக்கு லாபம்? பிரிட்டனில் பண்ணையும் டிராக்டரும் பெரும்பாலும் ஒருவருடையது. நம் ஊரில் இரண்டு ஏக்கர்காரர் வாடகைக்குத்தான் உழுகிறார். டீசல் வாங்குகிறவர் வண்டிக்காரர், எனவே சலுகையும் அவர் கைக்குத்தான் போகும். தமிழ்நாட்டில் டீசலுக்கு மாநில வரி 11 சதவீதமும், அதற்குமேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும். வரிக்கு முந்தைய விலை 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வரி 17 ரூபாய் சொச்சம். ரொட்டவேட்டர் ஓட்ட மணிக்கு 5 லிட்டர் செலவாகிறது என்றால், முழு வரியையும் தள்ளினாலும் மணிக்கு 85 ரூபாய்தான் மிச்சம். அந்த 85 ரூபாயை வாடகையில் குறைக்கச் சொல்லி உங்களால் வண்டிக்காரரிடம் வாதாட முடியுமா? நடவு நேரத்தில் வண்டி கிடைத்தாலே போதும் என்றுதானே நிற்கிறோம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காலையில் தொழி உழுத டிராக்டரே மாலையில் செங்கல் ஏற்றுகிறது. சாயம் கலந்து கொடுத்தால் அந்த வண்டிக்காரர் தினமும் டேங்க் கழுவுவாரா? சோதனைக்கு ஆள் போடுவது யார்? படகுக்குத் துறைமுகம் ஒன்றிருக்கிறது, அங்கே வைத்துக் கணக்குப் பார்த்துவிடலாம். டிராக்டருக்கு அப்படி ஓர் இடமில்லை.

ஆகவே என் கருத்து இது: சலுகையை வண்டிக்குக் கேட்காமல் நிலத்துக்குக் கேளுங்கள். பீகாரில் பாசன டீசலுக்கு ரசீதைக் காட்டினால், ஏக்கருக்கு இவ்வளவு என்று விவசாயியின் வங்கிக் கணக்கிலேயே மானியம் போடுகிறார்கள். அதேபோல் சாகுபடிப் பரப்பை அடங்கலில் பார்த்து உழவுக்கும் அறுவடைக்கும் கொடுக்கலாம். இல்லையென்றால் வேளாண் பொறியியல் துறை வாடகைக்கு விடும் டிராக்டர்களைக் கூட்டச் சொல்லலாம். அந்த வாடகைக் குறைவு நேரே உங்கள் கைக்கு வரும். குத்தகைக்கு உழுபவர்கள் அடங்கலில் தங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எந்த மானியம் வந்தாலும் அது பட்டாதாரர் பெயருக்கே போகும்.