பாலத்துக்குக் கீழேயும் ஒரு பாதை இருக்கு

பாலம் எண்டால் எங்களுக்கெல்லாம் அது மேலே போற பாதைதான். பஸ் போகும், மோட்டார் சைக்கிள் போகும், பின்னேரத்தில் கல்லடிப் பாலத்தில் நிண்டு காத்து வாங்கலாம், செல்ஃபி எடுக்கலாம். கீழே தண்ணி. அதில ஒரு வள்ளம் போனால் படத்துக்கு அழகு. அந்த வள்ளத்தில் இருக்கிறவருக்கு இந்தப் பாலம் எப்பிடித் தெரியும் எண்டு நாங்கள் யோசிச்சதே இல்லை, போன மாரி வரைக்கும்.

எங்களில் நாலு பேர் ஒரு சின்ன ஃபைபர் வள்ளத்தில் மூங்கில் மரம் நட்டு, தறப்பாளில் பாய் தைத்து, மட்டக்களப்பு வாவியில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தோம். ஆவணியில் ஒரு சின்னப் பாலத்துக்குக் கீழே இதே வள்ளம், இதே மரத்தோடு, ஒரு முழ இடைவெளியில் சுகமாகப் போய் வந்தது. அந்தத் துணிவில் மார்கழியிலும் போனோம். மரத்தின் நுனி பாலத்தின் விட்டத்தில் இடித்து மாட்டிக்கொண்டது. பின்னால் நீரோட்டம் தள்ளுது, மேலே மரம் நகருதில்லை. வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து தண்ணி உள்ளே வந்தது. மரத்தைக் கட்டியிருந்த கயிற்றை வெட்டிவிட்டதால்தான் தப்பினோம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மாமா சிரிக்காமல் சொன்னார்: "பாலம் இறங்கல்ல தம்பி. வாவி ஏறியிருக்கு."

நாங்கள் அளக்காமல் விட்டதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். எங்கட கடலில் வற்றுப்பெருக்கு பெரிசா இல்லை, ஒரு மீற்றரும் வராது. அதனால் தண்ணி மட்டம் எப்பவும் ஒண்டுதான் எண்டு நினைக்கப் பழகிவிட்டோம். வாவியின் கணக்கு வேற. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைச்சுவிடும். வாடைக்காற்று மழை தொடங்கினால் ஆறும் குளமும் வயலும் வடிகிற தண்ணி எல்லாம் வாவிக்குள் சேரும். முகத்துவாரம் வெட்டப்படும்வரை மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். பாலம் அசையாது. இடைவெளிதான் சுருங்கும்.

பிழை எங்கட. அதை முதலில் ஒத்துக்கொள்கிறோம். மரத்தின் உயரத்தை வள்ளத்தின் அடியில் இருந்து அளந்தோமே தவிர, நீர்மட்டத்தில் இருந்து அளக்கவில்லை. நாலு பேர் ஏறினால் வள்ளம் தாழும், இரண்டு பேர் இறங்கினால் எழும். நுனியில் கட்டின கொடியும் உயரம்தான். பக்கத்தில் ஒரு என்ஜின் வள்ளம் போனால் வாற அலையும் உயரம்தான். இதெல்லாத்தையும் கூட்டி, அதுக்கு மேலே கொஞ்சம் விட்டுத்தான் 'போகலாம்' எண்டு சொல்ல வேணும். கண்ணை நம்பக் கூடாது. வள்ளத்தில் இருந்து அண்ணாந்து பார்த்தால், போதிய இடம் இருந்தாலும் மரம் இடிக்கப் போற மாதிரித்தான் தெரியும். நாலு தரம் அப்பிடிப் பயந்து, ஒண்டும் நடக்காமல் போய்வந்தவர் ஐந்தாம் தரம் பயத்தையே மதிக்கமாட்டார். எங்களுக்கு நடந்ததும் அதுதான்.

இன்னொரு பிழை, ஓட்டத்தோடு போனது. பாலத்தின் தூண்கள் தண்ணியை நெருக்குவதால் அந்த இடத்தில் ஓட்டம் வேகமாகும். ஓட்டத்தோடு போனால் நிற்க இயலாது. ஓட்டத்தை எதிர்த்துப் போனால், பிழை எண்டு தெரிஞ்ச உடனே கையை விட்டாலே வள்ளம் பின்னுக்கு வந்துவிடும். ஓட்டத்தோடுதான் போக வேணும் எண்டால், பாலத்துக்கு நல்ல தூரம் முன்னமே கரையில் கட்டி, பாயைச் சுருட்டி, மரத்தைப் படுக்கவைச்சு, நங்கூரத்தைக் கைக்கெட்டுற தூரத்தில் வைச்சுக்கொண்டு, துடுப்பில் போக வேணும். பாலத்துக்குக் கிட்டப் போகிற மின்கம்பியையும் பார்க்க வேணும். அலுமினிய மரம் கம்பியைத் தொடத் தேவையில்லை, கிட்டப் போனாலே மின்சாரம் பாயலாம். நனைஞ்ச மூங்கிலும் பாதுகாப்பில்லை.

மரத்தைப் படுக்கவைக்கிறது தோல்வி எண்டு எங்களில் ஒருவருக்கு அப்ப ஒரு எண்ணம் இருந்தது. இங்கிலாந்தின் நோர்போக் பக்கம் ஆறுகளில் சரக்கு ஏற்றிய 'வெரி' எனும் பாய்ப் படகுகளைப் பற்றி வாசித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. அவற்றின் மரம் 12 மீற்றருக்கும் மேலே. அடியில் ஒரு தொன்னுக்கும் கூடிய ஈயப் பாரம். நடுவில் அச்சு. முன்கயிற்றை விட்டால் மரம் தராசுத் தண்டு மாதிரிச் சரியும், இழுத்தால் எழும்பும். படகில் இரண்டு பேர்தான். ஓடி வந்த வேகம் குறைய முன்னமே மரத்தைச் சரித்து, பாலத்தைக் கடந்து, திரும்ப நிமிர்த்திவிடுவார்கள். 1898இல் கட்டின 'அல்பியன்' எண்ட வெரியை, 1949இல் தொடங்கின ஒரு அறக்கட்டளை இண்டைக்கும் பேணி வருகுது. அங்கே மரம் சரிக்கத் தெரிஞ்சவர்தான் படகோட்டி.

அதே ஆறுகளில் பொட்டர் ஹைகம் எண்ட ஊரில் ஒரு பழைய கல் பாலம் இருக்கு. சராசரி உயர்நீரில் வளைவின் நடுவே ஏறத்தாழ 2 மீற்றர்தான் இடைவெளி. வளைவு எண்டபடியால் ஓரத்தில் அதுவும் இல்லை. நீர்மட்டம் கூடிக்கூடி, முந்திப் போய்வந்த படகுகள் பல இப்ப அதுக்குக் கீழே போக இயலாமல் நிக்குது. அந்தப் பாலத்தை ஒருவரும் இடிக்கவில்லை, உயர்த்தவும் இல்லை. ஆனால் தண்ணிக்குள் ஒரு அளவுப் பலகை நிக்குது. தண்ணி ஏற ஏறப் பலகையில் எண் குறையும். அந்த எண்தான் இந்த நிமிஷம் மிச்சம் இருக்கிற இடைவெளி. மரத்தின் உயரத்தை அறிஞ்ச எவரும் தூரத்தில் இருந்தே வாசித்து, போறதா திரும்புறதா எண்டு முடிவெடுக்கலாம்.

எங்கட கோரிக்கை இவ்வளவுதான்: இந்தப் பலகை எங்கட வாவிகளுக்கும் களப்புகளுக்கும் வேணும். கோடிக்கணக்கில் பாலம் கட்டுகிற நாட்டில் ஒரு பலகையும் கொஞ்சப் பெயின்றும் பெரிய செலவில்லை. நாங்கள் கடந்த பாலங்கள் ஒண்டிலும் அதை நாங்கள் காணவில்லை.

நாங்கள் பாலத்துக்கு எதிரானவர்கள் இல்லை. 2009இல் கிண்ணியா, 2011இல் சங்குப்பிட்டி, 2013இல் புதிய கல்லடி, 2014இல் மண்முனை எண்டு பாலங்கள் வந்தபோது எத்தனை பேரின்ர காத்திருப்பு முடிஞ்சது எண்டு எங்களுக்குத் தெரியும். பாதைப் படகுக்காக நோயாளியோடு கரையில் நிண்டவர்களிடம் போய் பாய்மரத்தின் உரிமை பற்றிக் கதைக்க எங்களுக்கு வாய் வராது. ஆனால் மேலே போறவருக்குக் கிடைச்ச வழி, கீழே போறவரின் வழியை அடைச்சுத்தான் கிடைக்க வேணும் எண்டு இல்லை.

"இப்ப ஆர் பாய் போடுறது? எல்லாம் என்ஜின்தானே" எண்டு கேட்பார்கள். 2022ஐ மறந்துவிட்டோமா? மண்ணெண்ணெய்க்குக் கலனோடு வரிசையில் நிண்ட மீனவர்களை எல்லாரும் கண்டோம். என்ஜின் கரையில் கிடந்தது. காத்து அண்டைக்கும் வீசினது. வல்வெட்டித்துறையில் கட்டின 'அன்னபூரணி' 1938இல் பாயை நம்பி அமெரிக்கா வரைக்கும் போனது எண்டு பெருமையாகக் கதைக்கிறோம். அந்தப் பெருமை படத்தோடு நிக்காமல் இருக்க வேணும் எண்டால், பாய் கட்டின ஒரு சின்ன வள்ளம் ஊர் வாவியில் பயமில்லாமல் ஓட இடம் இருக்க வேணும். ஒரு பாலம் தலைமுறைகளுக்கு நிக்கும். அதைப் பதித்துக் கட்டினால் அத்தனை காலத்துக்கும் கீழே போகிற மரத்தின் உயரத்தையும் தீர்மானித்துவிட்டோம். அதனால் வரைபடம் போடுகிற நாளிலேயே, மாரிகால நீர்மட்டத்தை வைச்சு, அந்தத் துறையில் வள்ளம் வைச்சிருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேணும்.

பலகை வரும்வரைக்கும் சும்மா இருக்க நாங்கள் நினைக்கவில்லை. மரத்தின் அடியில் இப்ப ஒரு அச்சு போட்டிருக்கிறோம். இரண்டு பேர் சேர்ந்தால் சரித்து நிமிர்த்தலாம். எங்களை மாட்டின பாலத்துக்குக் கீழே வாரம் ஒருக்கால் துடுப்பில் போய், கம்பு ஒண்டை நிமிர்த்திப் பிடிச்சு இடைவெளியை அளந்து கொப்பியில் எழுதுகிறோம். கல்லடியிலும் கிண்ணியாவிலும் பண்ணையிலும் இருக்கிற நீங்களும் உங்கட பாலத்தை இப்பிடி அளவுங்கோ. ஒரு கோடையும் ஒரு மாரியும் அளந்த கணக்கோடு போய்ப் பலகை கேட்டால், இல்லை எண்டு சொல்லுறது கஷ்டம்.