மணல் இருக்கிறது, சிப் எங்கே?



"சிப் செய்வது மணலில்தானே சேர், அது நம்மட கரையில மலைபோலக் கிடக்கே" என்று அடிக்கடி கேட்கிறார்கள். சிலிக்கன் மணலிலுள்ள சிலிக்காவிலிருந்து வருவது உண்மைதான். ஆனால் சிலிக்காவுக்கு உலகில் பஞ்சமில்லை. காசு வேலையில்தான் இருக்கிறது.

குவார்ட்ஸ் கல்லைக் கரியோடு மின்னுலையில் போட்டுச் சிலிக்கன் எடுக்கிறார்கள். அதை வாயுவாக்கி, வடித்து, நூறு கோடி அணுவுக்கு ஒரு அந்நிய அணு என்ற அளவுக்குச் சுத்தமாக்குகிறார்கள். பின் 1414 பாகையில் உருக்கி, ஒற்றைப் பளிங்காக மெல்ல இழுத்து, தகடாகச் சீவுகிறார்கள். அடுத்தது பெருநாளுக்கு அச்சு வைத்து மருதாணி போடுவது மாதிரி. ஒளி பட்டால் மாறும் பூச்சைத் தடவி, அச்சு வழியே ஒளி பாய்ச்சி, கழுவி, திறந்த இடத்தை அரித்தோ, போரன், பொசுபரசைச் செலுத்தியோ எடுப்பார்கள். இப்படிப் பல பத்துப் படைகள். ஒரு படை விலகினால் எல்லாம் குப்பை.

உப்பும் எதிரி. 1960களில் திரான்சிற்றர்கள் காரணம் தெரியாமல் நிலைமாறின. தேடிப் பார்த்தால் சோடியம். கைவியர்வையில் இருப்பதே போதும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில், உப்புக்காற்றில் யன்னல் கம்பி துருப்பிடிக்க வாழும் நமக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை.

ஆகவே நாளைக்கே இங்கே ஆலை வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சிப்பைப் பொதியிட்டுச் சோதிக்கும் வேலை இந்த நாட்டின் வாசல்வரை வந்தது. 1980களின் தொடக்கத்தில் மோட்டரோலாவும் ஹரிஸும் கட்டுநாயக்கவுக்கு வர ஆயத்தமாகின. 83 ஜூலைக் கலவரம் வந்தது, அவர்கள் போய்விட்டார்கள். எரிந்த கடைகளை எண்ணினோம், இதை யாரும் எண்ணவில்லை.

பினாங்கைப் பாருங்கள். 1972இல் இன்டெல் அங்கே தொடங்கியது. நுணுக்குக்காட்டிக்குள் பார்த்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டியவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்பிள்ளைகள். மலாய் முஸ்லிம் பிள்ளைகள் ஏராளம். இன்று அங்கே பொறியியலாளர்களும் வடிவமைப்பாளர்களும் நிறைந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளோ கட்டாரில் வேலை தேடுகிறார்கள்.

உயர்தரப் பௌதிகவியலில் இருவாயி, திரான்சிற்றர், தர்க்கப் படலை எல்லாம் உண்டு. நாங்கள் கடந்தகால வினாத்தாளைத்தான் செய்விக்கிறோம். அந்தப் பொருள் எப்படி உண்டாகிறது என்று ஒரு பாடவேளைகூடச் சொல்வதில்லை. கேட்டால் "சோதனைக்கு வராது சேர்" என்கிறார்கள். பெற்றோருக்கோ டொக்டர் கனவு மட்டும்தான். சிப்பை வரைவதற்குத் தூசில்லா அறையும் தேவையில்லை, கடல் காற்றும் தடையில்லை. கணினியும் கணிதமும் பொறுமையும் போதும். அந்த வேலை கொழும்பில் இப்போதே நடக்கிறது.

வீட்டில் செத்துப்போன போன் கிடந்தால் எறியாதீர்கள். பற்றரியைக் கழற்றிவிட்டு, பக்கத்துப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் கொடுங்கள். பலகையை உயிரியல் கூடத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.