ஜெபத்துல இருக்கேன்னு சொல்லு

போன மாசம் ஒரு சனிக்கிழமை, ஆரோவில் பார்க்க வந்த சென்னைக் குடும்பம் ஒண்ணு வழி தவறி நம்ம கொல்லைப் பக்கம் வந்துட்டாங்க. மல்லாட்டை பிடுங்கிக்கிட்டு இருந்தோம். மல்லாட்டைன்னா நீங்க கடையில வாங்குற நிலக்கடலைதான், எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். பச்சைக் காயா ரெண்டு கிலோ வாங்கினாங்க. பசங்க உரிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கும்போது, அந்த அம்மா மோட்டார் கொட்டாய்க்குள்ள மாடத்துல இருந்த வேதாகமத்தைப் பார்த்துட்டாங்க.

"ஐயா, இதைத் தினமும் படிப்பீங்களா?"

"படிப்பேம்மா. காலையில ஒரு அதிகாரம், ராத்திரி ஒரு அதிகாரம்."

"இத்தனை வருஷம் படிச்சதுல என்ன மாறியிருக்கு?"

கிண்டலாக் கேக்கலை. மாத்ரிமந்திர்ல கொஞ்ச நேரம் அமைதியா உக்காந்துட்டு வந்திருக்காங்க, அந்த நினைப்புலயே நிஜமாத்தான் கேட்டாங்க. எனக்குச் சட்டுன்னு பதில் வரலை. சிரிச்சு வெச்சேன். அவங்களும் கிளம்பிட்டாங்க. அந்தப் பதிலைத்தான் இப்ப எழுதறேன்.

எங்க வீட்டுக்கு வேதாகமம் வந்தது தாத்தா காலத்துல. அப்பா பள்ளிக்கூடம் போனதே ரெண்டு வருஷம்தான். எழுத்துக் கூட்டிப் படிக்க அவருக்குச் சொல்லிக் கொடுத்த புத்தகம் அதுதான். இதே கடற்கரையில தெற்கே தரங்கம்பாடிக்கு 1706ல வந்த சீகன்பால்கு, தமிழ் கத்துக்கிட்டு, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715ல அச்சடிச்சு முடிச்சார். இந்திய மொழிகள்ல அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. அதாவது படிக்கிறதுக்கு எங்களுக்கு 300 வருஷமாப் புத்தகம் கையில இருக்கு. படிக்கலைங்கிற குறையே இல்லை.

ஜெபத்துக்கும் குறை இல்லை. சாயந்திரம் ஏழரை மணிக்கு வீட்டுல குடும்ப ஜெபம். லெந்து நாட்கள் வந்துட்டா, அதாவது ஈஸ்டருக்கு முந்தின 40 நாள், ஒரு வேளை சாப்பாட்டை விட்டுட்டுக் கூடுதலா ஒரு மணி நேரம் முழங்கால் போடுவேன். ஊர்ல என்னை "ஜெபக்காரர்"னு சொல்லுவாங்க. அந்தப் பேர் எனக்குப் பிடிச்சிருந்தது. அதையும் மறைக்காமச் சொல்லிடணும்.

2017 மார்ச் மாசம். முந்தின வருஷம் வடகிழக்குப் பருவமழை சுத்தமாப் பொய்த்துப்போய், ஜனவரியில தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அரசாங்கமே அறிவிச்சிருந்த நேரம். ஏரியில பாளம் பாளமா வெடிப்பு. போர் வெச்சிருந்தவன் மட்டும்தான் மல்லாட்டை போட்டான். என் கொல்லைக்குப் பக்கத்துல அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து ஒரு அம்மா விதைச்சிருந்தாங்க. வீட்டுக்காரர் இல்லை. வருஷத்துல பாதி நாள் மரக்காணம் உப்பளத்துல உப்பு வாருற வேலை. கால் வெடிப்புல உப்புத் தண்ணி எரியிறதைத் தாங்கமுடியாமத்தான் கம்மலை அடகு வெச்சு இந்த அரை ஏக்கரைப் பிடிச்சாங்க. வேற ஒருத்தர் போர்ல தண்ணி வாங்கிக்கிட்டு இருந்தாங்க. அது வத்திப்போச்சு.

மல்லாட்டை பூ விட்ட பிறகு செடியிலேர்ந்து விழுது இறங்கும். அந்த விழுது மண்ணுக்குள்ள போனாத்தான் அதுல காய் பிடிக்கும். அந்த நேரத்துல மண் ஈரமா இருக்கணும். மண் காஞ்சு இறுகிக் கிடந்தா விழுது மேலேயே நின்னு கருகிடும். செடி பார்க்கப் பச்சையா இருக்கும், பிடுங்கினா அடியில ஒண்ணும் இருக்காது.

அப்படிப்பட்ட ஒரு ராத்திரிதான் அவங்க வந்து எங்க வீட்டுக் கதவைத் தட்டினாங்க. மூணு பேஸ் கரண்ட் வர்ற நேரம். நான் உள்ளே முழங்கால்ல இருந்தேன். வாசல்ல பேசறது காதுல நல்லா விழுந்தது.

"அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லுங்க. ஒரு மணி நேரம் தண்ணி வுட்டாப் போதும். விழுது எறங்கற நேரம்."

என் மனைவி உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தா. நான் கண்ணைத் தொறக்காமச் சொன்னேன், "ஜெபத்துல இருக்கேன்னு சொல்லு."

கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுப் போயிட்டாங்க. மறுநாள் வரலை. அதுக்கப்புறமும் வரலை. மே மாசம் அவங்க செடி பிடுங்கினப்போ முக்கால்வாசி பொக்கு. மூட்டுறதுக்கு வழி இல்லாமத் திரும்ப உப்பளத்துக்கே போனாங்க.

தண்ணி கொடுக்காததுக்கு எனக்குக் காரணம் இருந்தது. பொய்க் காரணமும் இல்லை. எங்க பக்கம் கடலோரம். ஒரு அளவுக்கு மேல இறைச்சா நிலத்தடியில கடல் தண்ணி உள்ளே ஏறிடும், போர் உப்பாகிடும். ஒருதடவை உப்பாகிட்டா அந்த நிலம் அவ்வளவுதான். காளிவெளி ஏரியைச் சுத்தி இருக்கிற எல்லா விவசாயிக்கும் இருக்கிற பயம் இது. ஆனா நான் அந்தக் காரணத்தைச் சொல்லியிருக்கலாமே? வெளியே வந்து முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அதுக்குப் பதிலா ஜெபத்தைக் கதவாக்கிச் சாத்திக்கிட்டேன்.

இன்னொண்ணு சொன்னாத்தான் உங்களுக்கு முழுசாப் புரியும். அவங்க காலனித் தெரு. நான் ஊர்த் தெரு. ரெண்டு பேரும் ஒரே சபை. திருவிருந்து ஆராதனையில ஒரே கிண்ணத்துலதான் குடிக்கிறோம். ஞாயித்துக்கிழமை ஒரே கிண்ணம், செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரத் தண்ணி கிடையாது.

அடுத்த வருஷம் என் மனைவிக்கு ஆபரேஷன். வேலூர் சி.எம்.சி.க்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். வெளியே பெஞ்சுல காத்துக்கிட்டு இருந்தப்போ பக்கத்துல ஒரு ரிட்டயர்டு டீச்சர். எந்த ஊருன்னு கேட்டாங்க. திண்டிவனம் பக்கம்னு சொன்னேன். "அப்போ இந்த ஆஸ்பத்திரியே உங்க ஊர்லதான் பிறந்ததுன்னு தெரியுமா?"ன்னு கேட்டுட்டு அந்தக் கதையைச் சொன்னாங்க. நானும் பிறகு தேடிப் படிச்சேன்.

ஐடா ஸ்கடர் பிறந்தது 1870ல, ராணிப்பேட்டையில. தாத்தா ஜான் ஸ்கடர் 1819லேயே இலங்கைக்கு வந்த மிஷனரி டாக்டர். அப்பாவும் டாக்டர்தான். குடும்பமே ஊழியக் குடும்பம். ஆனா அந்தப் பொண்ணுக்கு இதுல இஷ்டமே இல்லை. சின்ன வயசுலயே பஞ்சத்தைக் கண்ணால பார்த்தவங்க. அமெரிக்காவுல படிச்சு, அங்கேயே நல்லபடியா வாழணும்னுதான் ஆசை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு 1890ல திரும்ப வந்தாங்க. அப்போ அப்பாவுக்கு வேலை திண்டிவனத்துல.

அங்கே ஒரு ராத்திரி கதவு தட்டுது. ஒரு பிராமணர். வீட்டுல மனைவி பிரசவ வேதனையில துடிக்கிறா, நீங்க வரணும்கிறார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவரைக் கூட்டிக்கிட்டுப் போங்கன்னு இந்தப் பொண்ணு சொல்றாங்க. வேற ஆம்பளை என் மனைவியைத் தொட்டுப் பார்க்கக் கூடாதுன்னுட்டு அவர் திரும்பிப் போயிடறார். அதே ராத்திரி ஒரு இஸ்லாமியர். அப்புறம் இன்னொரு இந்து. மூணு பேருக்கும் அதே தேவை, அதே பதில். விடிஞ்சு விசாரிச்சா மூணு பெண்களுமே இறந்துபோயிருந்தாங்க.

ஐடா சொன்ன காரணமும் பொய் இல்லை. அவங்களுக்கு உண்மையிலேயே வைத்தியம் தெரியாது. போயிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. அதோட மனசைத் தேத்திக்கிட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருக்கலாம். யாரும் குத்தம் சொல்லியிருக்க மாட்டாங்க. கப்பல் ஏறினாங்க, ஆனா வைத்தியம் படிக்க. 1899ல கார்னெல்ல டாக்டர் பட்டம். 1900ல வேலூர்ல ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பம். 1902ல பெண்களுக்கு ஆஸ்பத்திரி. 1909ல நர்ஸ் படிப்பு. 1918ல பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆண்களைச் சேர்த்துக்கிட்டது 1947லதான். 1960ல கொடைக்கானல்ல இறக்கிற வரைக்கும் அவங்க வாழ்க்கை முழுக்க அந்த ஒரு ராத்திரிக்குச் சொன்ன பதில்தான்.

அந்தப் பெஞ்சுல உக்காந்து நான் அழுதேன். மனைவியை நினைச்சு அழறேன்னு டீச்சர் நினைச்சிருப்பாங்க.

லூக்கா சுவிசேஷத்துல ஒரு கதை இருக்கு. பாதி ராத்திரியில ஒருத்தன் சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்டி மூணு அப்பம் கடன் கேப்பான். உள்ளே இருக்கிறவன், கதவு பூட்டியாச்சு, பிள்ளைங்க படுத்தாச்சு, தொந்தரவு பண்ணாதேம்பான். விடாம ஜெபம் பண்ணணும்கிறதுக்கு உதாரணமா இதைச் சொல்லுவாங்க. 40 வருஷமா அதைப் படிச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் வெளியே நின்னு தட்டுறவன் நான்னுதான் நினைச்சேன். உள்ளே படுத்துக்கிட்டு சாக்குச் சொல்றவனும் நானா இருக்கலாம்னு 50 வயசு தாண்டித்தான் உறைச்சது.

ஊருக்குத் திரும்பின வாரமே அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருவுல ஒரு வீட்டுத் திண்ணையில நான் உக்காந்தது அதுதான் முதல் தடவை. நடந்ததை ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவங்க அழுவாங்க, இல்ல திட்டுவாங்கன்னு தயாராப் போயிருந்தேன். ரெண்டும் இல்லை.

"அன்னிக்கு நான் தண்ணி கேட்டேன்ணே. இன்னிக்கு நீங்க மன்னிப்புக் கேக்கறீங்க. அத வெச்சு நான் இன்னா பண்ணட்டும்? வர்ற மார்கழிப் பட்டத்துக்கு ஒரு பைப்பு போட்டுக் குடுங்க."

கீழ்ப்படிதல்னா என்னன்னு எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கேன். இந்த அளவுக்குத் தெளிவா யாரும் சொன்னதில்லை.

ரெண்டரை இன்ச் பைப்பு வாங்கி வரப்பு ஓரமாப் புதைச்சேன். போர் உப்பாகிடுமேங்கிற பயம் அப்பவும் இருந்தது, இப்பவும் இருக்கு. அதனால என் மல்லாட்டையில கால் ஏக்கரைக் குறைச்சு எள்ளு விதைச்சேன். எள்ளுக்குத் தண்ணி அவ்வளவு வேண்டாம். மிச்சமான தண்ணி அவங்களுக்கு. நஷ்டம்தான், இல்லைன்னு சொல்லமாட்டேன். "இன்னிக்குத் தண்ணி கேப்பாங்க, நாளைக்கு நிலத்தைக் கேப்பாங்க"ன்னு எங்க சொந்தக்காரங்களே பேசினாங்க. ஒரு பங்காளி இன்னும் என் வீட்டுல கை நனைக்கிறதில்லை.

கீழ்ப்படிதல்ங்கிற வார்த்தையைக் கேட்டாலே உங்களுக்குக் கசக்கும். எனக்குத் தெரியும். பொண்டாட்டி புருஷனுக்குக் கீழ்ப்படியணும், கூலிக்காரன் பண்ணைக்காரனுக்குக் கீழ்ப்படியணும், காலனி ஊருக்குக் கீழ்ப்படியணும். மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனுக்குச் சொல்ற வார்த்தையாவே அதை ஆக்கி வெச்சிருக்கோம். சபையும் இதுக்கு விலக்கில்லை. 2008 மார்ச்சுல, அப்போ எங்க விழுப்புரம் மாவட்டத்துல இருந்த எறையூர்ல, ஒரே மாதா கோவிலுக்குப் போற கிறிஸ்தவங்களுக்குள்ளேயே சாதிச் சண்டை. தலித் கிறிஸ்தவங்க சம உரிமை கேட்டாங்க, அதுதான் காரணம். கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ரெண்டு பேர் செத்தாங்க. ரெண்டு தரப்பும் ஒரே வேதம் படிச்சவங்கதான், ஒரே ஜெபம் சொன்னவங்கதான். அவங்க கத்தோலிக்கர், நாங்க சி.எஸ்.ஐ.ன்னு நான் ஒதுங்கிக்க முடியாது. எங்க வரப்புல நடந்ததும் அதேதான், துப்பாக்கி மட்டும்தான் இல்லை.

நான் படிச்ச வேதத்துல கீழ்ப்படிதல் பெரும்பாலும் கையில நிலமும் தண்ணியும் வெச்சிருக்கிறவனுக்குத்தான் சொல்லியிருக்கு. லேவியராகமத்துல ஒரு சட்டம்: அறுப்பு அறுக்கும்போது வயலோட ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, ஏழைக்கும் வெளியூர்லேர்ந்து வந்தவனுக்கும் விட்டுடு. மல்லாட்டை பிடுங்கின பிறகு மண்ணுக்குள்ள தங்கின காயைக் கிளறிப் பொறுக்க எங்க ஊர்ல பாட்டிகளும் பிள்ளைங்களும் வருவாங்க. முன்னெல்லாம் ரெண்டாவது தடவை நானே ஆள் விட்டுக் கிளறி எடுத்துடுவேன். இப்ப அதை நிறுத்திட்டேன். வருஷத்துக்கு ஒரு மூட்டை போகும். போகட்டும்.

ஜெபம் வேண்டாம்னு சொல்ல வரலை. இன்னிக்கும் ஏழரை மணிக்கு முழங்கால் போடறேன். மழை கேக்கறேன், மனைவிக்குச் சுகம் கேக்கறேன். ஆனா வாசல்ல சத்தம் கேட்டா எழுந்து போயிடறேன், பாதியில விட்டாலும் பரவாயில்லை. போஸ்டர் ஒட்டி, மைக் செட்டு வெச்சு ஆசீர்வாதம் கேக்கற கூட்டங்களைப் பார்க்கும்போது எனக்குத் தோணுறது ஒண்ணுதான்: இவ்வளவு சத்தத்துல வெளியே யாராவது தட்டினா கேக்குமா?

திண்டிவனத்துல அந்த ராத்திரி தட்டின மூணு பேர்ல ஒருத்தர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. அதனால இதைக் கிறிஸ்தவங்களுக்கு மட்டும் எழுதலை. உங்க அபார்ட்மெண்ட்லயும் வீட்டு வேலைக்கு வர்ற அம்மா சம்பள முன்பணம் கேட்டு நிப்பாங்க, வாட்ச்மேன் லீவு கேட்டு நிப்பார். நீங்க சொல்ற காரணம் உண்மையாவே இருக்கலாம். எனக்கும் உண்மையாத்தான் இருந்தது.

என்ன மாறியிருக்குன்னு கேட்டீங்களேம்மா. எனக்குப் பெரிசா ஒண்ணும் மாறலை, இன்னமும் கோபக்காரன்தான், கணக்குப் பார்க்கறவன்தான். வரப்பு ஓரமா ஒரு ரெண்டரை இன்ச் பைப்பு போகுது. நீங்க வாங்கிட்டுப் போன ரெண்டு கிலோ மல்லாட்டையில பாதி அந்த அம்மா கொல்லையில விளைஞ்சது.